பட்டறைப் பதில்கள்: பின்னாடி நூற்றைம்பது போடலாமா?

போன மாதம் செயின் பற்றி விலாவாரியாக எழுதினேன். அதற்கு வந்தது ஏழெட்டுக் கடிதம்தான். அதிலேயே போகிறபோக்கில் டயரைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் பட்டறை மேசையில் ஸ்பார்க் பிளக் டப்பாவுக்கு அடியில் கட்டாகக் கிடக்கின்றன. எழுதியவர்கள் எல்லாரும் பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பவர்கள். சரி, இந்த மாதம் முழுக்க டயர்தான். கார்புரேட்டர் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 27. மணலியில் கண்டெய்னர் யார்டில் வேலை. 2012 மாடல் ஹோண்டா சிபிஆர் 250ஆர் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். மீட்டரில் 41,000 கி.மீ. காட்டுகிறது. பின் டயர் நடுவில் மொட்டை. முன் டயரில் பட்டன், அதாவது மேலே இருக்கும் ரப்பர் மேடுகள், நன்றாக இருக்கிறது, அதனால் பின் டயரை மட்டும் மாற்றலாம் என்று நினைக்கிறேன். கடைக்காரர், “140/70 எதுக்கு, 150/60 போடு, பார்க்க கெத்தா இருக்கும்” என்கிறார். நண்பனோ வெளிநாட்டு டயர்தான் வாங்க வேண்டும் என்கிறான். தினமும் யார்டுக்குப் போய் வருவேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காடு வரை. எந்த டயர் போடுவது? இரண்டு டயரின் போட்டோவும் வைத்திருக்கிறேன்.
*- வாசகர், திருவொற்றியூர்*

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது பின் டயரைப் பற்றி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது உங்கள் முன் டயர்.

அந்தப் போட்டோவை மறுபடி எடுத்துப் பாருங்கள். சைட்வாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், டி.ஓ.டி. என்ற எழுத்துகள் இருக்கும் வரிசையின் கடைசியில், சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கிறது: 3415. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். 2015-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட். சென்னை வெள்ளம் வருவதற்கு மூன்று மாதம் முன்னால் அச்சிலிருந்து இறங்கிய ரப்பர் அது. அதன் மேல்தான் நீங்கள் தினமும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் பிரேக் பிடிக்கிறீர்கள்.

பட்டன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கும். என்னுடையதிலும் இருந்தது. எனக்கு 24 வயதில் ஒரு ஆர்.டி. 350 கைக்கு வந்தது. யாரோ வருஷக்கணக்கில் கோணி போட்டு மூடி வைத்திருந்த வண்டி. இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன் மாற்றி, டேங்குக்குப் பெயின்ட் அடித்து, எல்லாம் செய்தேன். டயரைத் தொடவில்லை. பட்டன் முழுசாக இருக்கிறதே, அதற்கு ஏன் காசு? ஒரு நாள் விடியற்காலை காசிமேடு துறைமுக வாசலில் ஒரு மீன் வண்டி ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போயிருக்கிறது. ரோட்டில் ஒரு பட்டை ஈரம், அதில் கொஞ்சம் மீன் வழுவழுப்பு, அவ்வளவுதான். குறுக்கே ஒரு கூடைக்காரம்மா வந்தார், முன் பிரேக்கைத் தொட்டேன். வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போனது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொட்டிலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியைத் தூக்கி நிறுத்திய டீக்கடைப் பெரியவர் டயரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இன்னாபா, தேங்கா மட்ட மாரி கீது!”

அதைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன். வண்டி நிழலில் ஆறியிருக்கும்போது முன் டயரின் பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். நல்ல ரப்பர் என்றால் நகம் கொஞ்சம் உள்ளே போய், எடுத்ததும் தடம் மெதுவாக மறையும். செத்த ரப்பர் என்றால் நகம்தான் வளையும். அப்புறம் பள்ளங்களின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தால் பேச்சே இல்லை. ஐந்து வருஷம் தாண்டிய டயரை வருஷத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருஷமானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்று டயர் கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு நான் அவ்வளவு நாள்கூட விடமாட்டேன். ஏழு வருஷம் என் கணக்கு.

ஆக, இரண்டு டயரும் மாற்ற வேண்டும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இந்த மாதம் பழவேற்காட்டை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் வேலைக்குப் போய், அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் ‘ஐயோ’ சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் தரையில் இருப்பீர்கள்.

இனி அந்த 150/60 விஷயம். கடைக்காரர் ஏன் அதைச் சொல்கிறார் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். கேடிஎம் டியூக் வண்டிகளின் பின் சக்கரம் 150/60 ஆர்17. அந்த வண்டி ஊரில் ஏராளம், அந்த டயரும் கடையில் எப்போதும் தொங்கும். உங்கள் சிபிஆருக்கு ஹோண்டா கொடுத்தது முன்னால் 110/70-17, பின்னால் 140/70-17. உட்கார்ந்து கணக்குப் போடுவோம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. கடைசி 17 ரிம்மின் விட்டம், இன்ச்சில். 140-இல் 70 சதவீதம் 98 மில்லிமீட்டர், அது டயரின் பக்கச்சுவர் உயரம். 150-இல் 60 சதவீதம் 90. அகலம் பத்து மில்லி கூடுகிறது, உயரம் எட்டு மில்லி குறைகிறது. உங்கள் வண்டியின் பின்பக்கம் எட்டு மில்லி தாழ்ந்து உட்காரும். பின்னால் தாழ்ந்தால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் இன்னும் சாய்வாக நீட்டிக்கொள்ளும். திருப்பத்தில் வண்டியைச் சாய்க்க ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்ட வேண்டி வரும். ஸ்போர்ட்ஸ் வண்டி வாங்கியதே சொன்ன பக்கம் திரும்புவதற்குத்தானே?

இன்னொன்று ரிம். உங்கள் பின் ரிம்மின் அகலம் 4 இன்ச், ரிம்மிலேயே வார்த்திருக்கும், பாருங்கள். 150/60 டயர் நாலேகால் இன்ச் ரிம்மை மனதில் வைத்துச் செய்தது. 4 இன்ச்சில் ஏறாது என்று சொல்லவில்லை, ஏறும். ஆனால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடு முதுகு கொஞ்சம் கூன் போடலாம்.  அகலமான டயர் என்பதற்காகப் பிடி கூடிவிடாது. அந்தக் கெத்து டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்வரைதான்.

140/70 கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018-இல் வந்த யமஹா ஆர்15 மூன்றாம் வெர்ஷனின் பின் டயரே 140/70 ஆர்17தான். அந்தப் புண்ணியத்தில் உங்கள் அளவு இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. டியூக்கின் புண்ணியத்தில் முன்னால் போட 110/70 ஆர்17-உம் கிடைக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் இந்த அளவுக்காக நான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்க நடந்திருக்கிறேன்.

நடுவில் வரும் அந்த ‘ஆர்’ எழுத்து ரேடியல் என்பதைக் குறிக்கும். வெறும் கோடு இருந்தால் பயாஸ். பயாஸ் டயருக்குள் நூல் அடுக்குகள் சாய்வாக, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போகும், தென்னங்கீற்றுப் பின்னல் மாதிரி. ரேடியலில் நூல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகும், அதன் மேல் ஒரு பட்டை சுற்றியிருக்கும். ரேடியல் சூடு குறைவாக ஏறும், வேகத்தில் நிதானமாக இருக்கும். பயாஸுக்குப் பக்கச்சுவர் முரடு, பள்ளம் மேட்டைத் தாங்கும். உங்கள் வண்டி பயாஸில் பிறந்தது. பயாஸே போட்டால் ஒரு குறையும் இல்லை. ரேடியல் என்றால் இரண்டும் ரேடியலாக, ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ஜோடியாகப் போடுங்கள். முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். முன்சக்கரம் ஒரு பேச்சு பேசும், பின்சக்கரம் வேறு பேச்சு பேசும்.

அளவுக்குப் பக்கத்தில் சின்னதாக 66எஸ் என்று ஒன்று இருக்கும். 66 என்றால் அந்த டயர் 300 கிலோ தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை. முன்னால் 54எஸ், அது 212 கிலோ. புது டயரில் இந்த எண்ணும் எழுத்தும் இதைவிடக் குறையக் கூடாது. ஹெச் என்றிருந்தால் 210 கி.மீ., பரவாயில்லை. பி என்றிருந்தால் 150தான், வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், இந்தியாவில் விற்கும் டயருக்கு அது கட்டாயம்.

கம்பெனி பற்றிக் கேட்டீர்கள். நான் எந்த டயர் கம்பெனியிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். உங்கள் ஓட்டத்துக்கு மிக மென்மையான ரேஸ் ரக ரப்பர் வீண். வீட்டிலிருந்து யார்டு வரை நேர் ரோடு. கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, நின்று, ஊர்ந்து போகும்போது நடு ரப்பர்தான் தேயும். கத்திரி வெயிலில் அந்த ரோட்டில் மென்மையான ரப்பர் அழிப்பான் மாதிரி கரையும். நடு தட்டையாகி டயர் சதுரமாகிவிடும். அப்புறம் பழவேற்காடு போகிற வழியில் ஒரு திருப்பத்தில் சாய்த்தால், தட்டையின் விளிம்பிலிருந்து வண்டி ‘தொபுக்’கென்று விழுவது போல இருக்கும். இப்போது உங்கள் பின் டயர் செய்வது அதுதான், கவனித்தீர்களா? நடுவில் கெட்டி, ஓரத்தில் மென்மை என்று இரண்டு வகை ரப்பர் வைத்த டயர்கள் இருக்கின்றன. இல்லாவிட்டால் நீண்ட தூர ஓட்டத்துக்கான டூரிங் ரகம். எம்.ஆர்.எஃப்., டி.வி.எஸ். யூரோகிரிப், அப்போலோ, சியட் எல்லோரும் ஸ்போர்ட்ஸ் பைக் டயர் செய்கிறார்கள். உங்கள் இரண்டு அளவும் ஜோடியாக யாரிடம், எந்தத் தேதியில் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

நண்பன் சொல்கிற பிரெல்லி, மிஷெலின் எல்லாம் அருமையான டயர்கள், மறுக்கவில்லை. ஆனால் 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு சரக்கு நின்று நின்றுதான் வந்தது. அப்படிக் கிடைக்கும் டயர் கிடங்கில் எத்தனை வருஷம் தூங்கியதோ? விலையைக் கேட்பதற்கு முன் நாலு எண்ணைக் கேளுங்கள். கடையில் நான் இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட டயரை எடுப்பதில்லை. கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

(மத்தபடி, திருவொற்றியூரில் இருந்துகொண்டு டயருக்கு வெளியூரைப் பார்ப்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது உங்கள் ஊரில்தான். 1952-இல் ரீட்ரேட் ரப்பருக்கு, அதாவது தேய்ந்த டயர் மேல் புதிதாக ஒட்டும் ரப்பருக்கு வந்து, அப்புறம்தான் டயர்.)

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அலாய் வீலுக்கு மெஷின் உள்ள கடைதான். இரண்டு லீவரும் ஒரு காலும் வைத்து நெம்புகிற இடத்தில் ரிம் ஓரம் சிராய்ந்துவிடும். ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டீ செலவுதான் ஆகும், அதை மிச்சம் பிடித்துத்தான் பலர் நடுவழியில் காற்று இறங்கி நிற்கிறார்கள். சைட்வாலில் அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் அது இருக்க வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் லேசான இடம். வால்வுக்கு நேராக வைத்து மாட்டி, பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். காற்று எவ்வளவு என்பதை வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து நிரப்புங்கள். டயர் சைட்வாலில் இருப்பது அதிகபட்ச அளவு, அதை நிரப்பினால் வண்டி ரப்பர் பந்து போலக் குதிக்கும். முதல் 150 கி.மீ. நிதானமாக. புது டயரின் மேல்தோல் வழுக்கும், அந்தப் பளபளப்பு ரோட்டில் தேய்ந்து போக வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது முதல் வெர்ஷன் ஆர்15, 2009. பின் டயர் 100/80 பார்க்க சைக்கிள் டயர் மாதிரி இருக்கிறது. 130/70 போடலாமா?
*- வாசகர், எண்ணூர்*

பதில்: வேண்டாம். அந்த ஒல்லி ரிம்முக்கு அது பொருந்தாது, சக்கரமும் 11 மில்லி உயர்ந்துவிடும். யமஹாவே 2011-இல் இரண்டாம் வெர்ஷனுக்கு 130/70 ரேடியல் கொடுத்தபோது டயரை மட்டும் மாற்றவில்லை. அகலமான ரிம், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் எல்லாம் சேர்த்துத்தான் மாற்றினார்கள். அந்த முழு செட்டையும் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடி எடுத்து மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை, வேறு செலவு. உங்கள் வண்டியின் அழகே அந்த மெல்லிய டயர்தான். 100/80-இல் நல்ல ரப்பராகப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் சாய்த்தாலே சொன்ன பேச்சு கேட்கும்.

கேள்வி: 2010 நின்ஜா 250ஆர் வைத்திருக்கிறேன். அடுக்குமாடி வீட்டின் தகரக் கூரைக்கு அடியில் நிற்கும். மாதம் ஒரு முறைதான் எடுக்கிறேன். இந்த டயர் மாட்டி நாலு வருஷம்தான், 6,000 கி.மீ.கூட ஓடவில்லை, அதற்குள் ஓரமெல்லாம் வெடிப்பு. ஏமாற்றிவிட்டார்களா? இன்னொன்று: டயர் கடைக்குப் போனால் நான் கேட்கும் கேள்விக்கு என் கணவரைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். அவருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது.
*- வாசகி, பெரம்பூர்*

பதில்: இரண்டாவதற்கு என்னிடம் மருந்து இல்லை மேடம். அடுத்த முறை அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

வெடிப்புக்கு வருகிறேன். ஏமாற்றினார்களா என்பது தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். மாட்டி நாலு வருஷம் என்றால் டயர் பிறந்தும் நாலு வருஷம்தான் என்று அர்த்தமில்லை. மாட்டும்போதே அது மூன்று வருஷப் பழசாக இருந்திருக்கலாம். தேதி சரியாக இருந்தால், குற்றவாளி அந்தத் தகரக் கூரையும் மாதத்துக்கு ஒரு சவாரியும்தான்.

நிறையப் பேர் ஓட்டாத டயர் கெடாது என்று நினைக்கிறார்கள். தலைகீழ். ரப்பருக்குள் ஒரு வகை மெழுகு கலந்திருப்பார்கள். டயர் ஓடி, நசுங்கி, விரியும்போதுதான் அந்த மெழுகு கசிந்து மேலே வந்து தோல் போலப் படரும். காற்றிலிருக்கும் ஓசோன் ரப்பரை அரிக்காமல் அது காக்கும். நின்றுகொண்டே இருக்கும் டயரில் மெழுகு உள்ளேயே கிடக்கும், மேல்தோல் காய்ந்து வெடிக்கும். மே மாதத் தகரத்துக்கு அடியில் என்ன சூடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பளபளக்க வைக்க டயர் பாலிஷ் அடிக்கிறவர்கள் அந்த மெழுகையும் துடைத்துவிடுகிறார்கள். பட்டனிலும் அது படிந்தால் வழுக்கும், ஸ்கூட்டருக்குக்கூட வேண்டாம்.

அதனால் வாரம் ஒரு முறையாவது வண்டியை எடுத்து மாதவரம் வரை போய் வாருங்கள். நிறுத்தும்போது காற்று முழுசாக இருக்கட்டும், முடிந்தால் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட். கீழே ஒரு மரப்பலகை வைத்தால் இன்னும் நல்லது. புது டயர் அளவு முன்னால் 110/70-17, பின்னால் 130/70-17. உங்கள் மாதிரி குறைவாக ஓடும் வண்டிக்கு, முன் கடிதத் தம்பிக்கு நான் வேண்டாம் என்று சொன்ன மென்மையான ரப்பரையே நான் சிபாரிசு செய்வேன். தேய்வதற்கு முன் வயதாகிப் போகப்போகிறது, இருக்கும்வரை நன்றாகப் பிடிக்கட்டுமே.

கேள்வி: பல்சர் 220. டியூப்லெஸ். மூன்று நாளைக்கு ஒரு தரம் பின் சக்கரத்தில் காற்று இறங்குகிறது. பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்து ஆணி எதுவும் இல்லை என்கிறார்கள். ‘டயர் போச்சு, புதுசு போடு’ என்கிறார்கள். போடலாமா?
*- வாசகர், காசிமேடு*

பதில்: காசிமேடு என்று படித்ததுமே எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது. போன மாதம் இதே நோய் இரண்டு வண்டிக்குப் பார்த்தேன். இரண்டும் கடலோரத் தெருக்களில் நிற்கிற வண்டிகள்.

டயரை முழுசாகக் கழற்றச் சொல்லுங்கள். டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்காரும் இடத்தைப் பீட் என்போம். அந்த உட்காரும் இடத்தில் ரிம்மை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்து, அடியில் வெள்ளையாக மாவு மாதிரி உதிரும், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் போலத் தோன்றும் (வைத்துப் பார்க்க வேண்டாம்). அலுமினியத்தை உப்புக் காற்று தின்ற சுவடு அது. அந்தக் கரடுமுரடுக்கும் ரப்பருக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத சந்து விழும். காற்று அதன் வழியாகத்தான் போகிறது. அவசரமாக முக்கி எடுத்தால் குமிழி தெரியாது. சோப்புத் தண்ணீரைக் கெட்டியாகக் கலக்கி, ரிம் ஓரம் முழுக்கப் பிரஷ்ஷால் தடவிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கடுகுக் குமிழி மாதிரி நுரை ஒரு இடத்தில் மட்டும் பொங்கியிருக்கும். வால்வின் அடிப்பாகத்திலும் தடவுங்கள், அங்கேயும் வெடிக்கும்.

வைத்தியம் சுலபம். பித்தளைப் பிரஷ், அப்புறம் நைஸான எமரி பேப்பர். வெள்ளை முழுக்கப் போய்ச் சுத்த உலோகம் தெரியும்வரை தேய்த்து, துடைத்து, மெல்லியதாக ஒரு கோட் பெயின்ட். காய்ந்ததும் பீடில் சீலர் தடவி, புது வால்வோடு டயரை ஏற்றலாம். காற்று அடிக்கும்போது இரண்டு தரம் ‘டப்’ ‘டப்’ என்று சத்தம் கேட்க வேண்டும், இரண்டு ஓரமும் உட்கார்ந்த சத்தம். குழி ரொம்ப ஆழமாக விழுந்திருந்தால்தான் ரிம் மாற்ற வேண்டும். இதைப் பார்க்காமல் புது டயர் போட்டால் மூன்று நாள் கழித்து புது டயரிலும் காற்று இறங்கும். டயர் பழசாகி இருந்தால் அதே செலவோடு அதையும் மாற்றிவிடுங்கள், அளவு 120/80-17.

இனிமேல் வாரம் ஒரு வாளி நல்ல தண்ணீர், ரிம்முக்கு மட்டுமாவது. அடி பம்பு உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு ‘கழுவினேனே’ என்று எழுதாதீர்கள்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் பைக் டயருக்கு ரீட்ரேட் போட்டால் பாதிக் காசு மிச்சம் என்கிறார்களே?
*- வாசகர், கொருக்குப்பேட்டை*

பதில்: என் அப்பா இருபது வருஷம் ரீட்ரேட் பட்டறையில் வேலை பார்த்தவர். லாரி டயருக்குச் செய்வார், பஸ் டயருக்குச் செய்வார். என் பைக் டயரைக் கொண்டுபோனபோது கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்.

கேள்வி: நைட்ரஜன் காற்று போட்டால் பைக் நன்றாகச் சாயுமா?
*- மாணவர், வியாசர்பாடி*

பதில்: சும்மா அடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, வாரத்துக்கு ஒரு நாள் காலையில் வண்டி ஓடுவதற்கு முன் அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்காமல் சுற்றிப் போங்கள். எந்தக் காற்று அடித்தாலும் அங்கே ஒன்றுதான்.

கேள்வி: வயது 66. என் ராஜ்தூத் 350 இன்னும் ஓடுகிறது. சோழவரத்தில் ரேஸ் பார்த்துவிட்டுத்தான் அதை வாங்கினேன். முன்னால் 3.00-18, பின்னால் 3.50-18. கடைப் பையன்கள் இந்த அளவைக் கேட்டால் முழிக்கிறார்கள். ஒருவர் டியூப்லெஸ் டயர் போட்டு, உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலன்ட் ஊற்றித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?
*- வாசகர், தண்டையார்பேட்டை*

பதில்: சார், வணக்கம். சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்தவர்களை இப்போதெல்லாம் கண்ணில் காண முடிவதில்லை. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் வந்த பிறகு அந்தப் பக்கம் ரேஸ் என்று சொன்னாலே சின்னப் பையன்கள் சிரிக்கிறார்கள். நானும் அப்பா தோளில் உட்கார்ந்து அங்கே புகையைத்தான் பார்த்தேன், வண்டியைப் பார்க்கவில்லை.

சீலன்ட் ஆளைக் கிட்டே விடாதீர்கள். உங்களுடையது ஸ்போக் ரிம். ஒவ்வொரு ஸ்போக்கும் ரிம்மில் ஒரு ஓட்டை. டியூப்லெஸ் ரிம்மில் பீட் நழுவாமல் இருக்க ஒரு மேடு வைத்திருப்பார்கள், அது உங்கள் ரிம்மில் கிடையாது. காற்று திடீரென்று இறங்கினால் டயர் ரிம்மை விட்டு நழுவிவிடும். டியூப் கட்டாயம். அளவுக்கு ஏற்ற புது டியூப்தான், பழையதை ஒட்டுப் போட்டு உள்ளே தள்ளாதீர்கள். ஸ்போக் முனைகள் குத்தாமல் இருக்க உள்ளே போடும் ரப்பர் பட்டையும் புதிதாக.

இன்ச் அளவு கிடைக்காவிட்டால் மில்லி அளவில் கேளுங்கள். முன்னால் 90/90-18, பின்னால் 100/90-18 நெருங்கிய சொந்தங்கள். பின்னால் அதைவிடப் பெரிதாக எதையும் திணிக்க வேண்டாம். பையன் முழித்தால் “கரிஸ்மாவுக்குப் பின்னாடி போடுறது கொடுப்பா” என்று சொல்லுங்கள், முதலில் வந்த கரிஸ்மாவின் பின் டயர் 100/90-18தான். ஆனால் அதிலும் நாலு எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இந்த அளவு மெதுவாகத்தான் விற்கும், அதனால் அலமாரியில் தாத்தா வயசில் கிடக்கும்.

ஒரு சின்ன விஷயம், இதை யாரும் செய்வதில்லை. டியூப் வால்வில் ஒரு நட் வரும். அதை ரிம்மோடு சேர்த்து இறுக்கிவிடுகிறார்கள். வேண்டாம். மேலே மூடியோடு சேர்த்து இறுக்கிவிட்டு, ரிம்முக்கும் நட்டுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். முரட்டு பிரேக்கில் டயர் ரிம் மேல் கொஞ்சம் நகர்ந்தால் டியூபும் கூடவே நகரும், வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். காலையில் வண்டியை எடுக்கும்போது அது கண்ணில் படும், காற்றை இறக்கி நேராக்கிக்கொள்ளலாம். நட் இறுகியிருந்தால் சாயாது, ஒரு நாள் வால்வின் வேர் பிய்ந்துகொண்டு வரும்.

டயர் மாற்றுகிற அன்று ஸ்போக்கையும் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட வேண்டும். கடையில் அதற்குப் பொறுமை இருக்காது. டயரையும் டியூபையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்கு வாருங்கள் சார். ஸ்போக் சாவி என்னிடம் இருக்கிறது. கூலி வேண்டாம், வாசலில் இரண்டு கிக் அடித்து அந்தச் சத்தத்தைக் கேட்க வையுங்கள்.